தாங்கள் சாப்பிட்ட பர்பி தொடர்பாக

ஒத்தக்கடை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மரியாதைக்குரிய அலங்காநல்லூர் சம்பந்தி தங்கப்பாண்டி அவர்களுக்கு, வெள்ளைத்துரை கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், என் வீட்டுக்காரி அன்னக்கொடி, மகன் மருது, தங்கள் மகள் சரண்யாதேவி ஆகிய நால்வரும் உடம்பளவில் நலம். தங்கள் நலத்தையும், சம்பந்தியம்மாள் பாண்டியம்மாளின் நலத்தையும், குறிப்பாகத் தங்கள் வாய், தொண்டை, வயிறு ஆகியவற்றின் நலத்தையும் அறிய மிகுந்த ஆவல்.

எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்பு அன்று நீங்கள் பந்தியில் உட்காராமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொல்கிறாள், இங்கிலீஷிலும் அதையேதான் சொல்கிறாளாம். மருது வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு ஒற்றை டிக்கோடு நிற்கிறது. ஆகவே தபாலில் எழுதுகிறேன். இதை எழுதுகிற பேனா காகிதத்தில் செய்தது. அடிப்பக்கம் தக்காளி விதை இருக்கிறதாம், மை தீர்ந்ததும் நட்டுவிட வேண்டுமாம். எழுத்து நடுவில் மங்கினால் மன்னிக்கவும். நான் மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து போர்மேனாக ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். எந்தக் கம்பியில் கரண்ட் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று கீழே நின்றே சொல்லிவிடுவேன். ஆனால் எது பிளாஸ்டிக், எது பிளாஸ்டிக் இல்லை என்பது மட்டும் இந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை. நடந்தது அத்தனைக்கும் காரணம் அதுதான், வேறு கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

தங்கள் மகள் மூன்று மாதத்துக்கு முன்பு பூமிக்குக் கேடு செய்யாமல் வாழ்வது எப்படி என்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள். நான் குறையாகச் சொல்லவில்லை, நல்ல காரியம்தான். முதலில் வந்தது மூங்கில் பிரஷ். அதை நான் குவளைத் தண்ணீரில் நிற்க வைத்தேன், நாலு நாளில் அடி கறுத்து பூஞ்சை பிடித்துவிட்டது. காயவைத்துத்தான் எடுத்துவைக்க வேண்டுமாம். சரி, பழைய பிளாஸ்டிக் பிரஷைத் தூக்கிப் போடவா என்று கேட்டால், ஏற்கெனவே இருப்பதைத் தூக்கிப் போடுவதும் தப்பு மாமா, தேய்கிற வரை அதையே வைத்து விளக்குங்கள் என்கிறாள். அப்படியென்றால் மூங்கில் பிரஷை எதற்கு வாங்கினோம் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்து பாத்திரம் விளக்கத் தேங்காய் நார் வந்தது. நம் ஊரில் தேங்காய் உரித்தால் கிடைக்கிற நார்தான், ஆனால் ஆன்லைனில் வந்தது. பெரிய அட்டைப்பெட்டி, அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் குமிழ்ப் பை ஏழெட்டு, அதற்கு நடுவில் நார். "இந்தக் குமிழை என்னம்மா செய்ய?" என்றேன். அவள் ஒரு குமிழை விரலால் அமுக்கி உடைத்துப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் கொழப்பமாத்தான் மாமா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை மேல் எனக்குப் பிரியம் கூடியது என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

பால்காய்ப்புக்கு முந்தின நாள் பூ வாங்க மாட்டுத்தாவணிக்குப் போனேன். துணிப்பையை மறந்துவிட்டேன். பூக்கார அம்மா மல்லிகையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "வேணாம் தாயி, எங்க வீட்டுல பிளாஸ்டிக் ஆகாது" என்றேன். "அண்ணே, இது பிளாஸ்டிக்கே இல்ல. நான் சொல்லல, பையே சொல்லுது, படிச்சுப் பாருங்க" என்றார். ஆமாம், 'நான் பிளாஸ்டிக் அல்ல' என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது. பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தங்கள் மகள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, இது பிளாஸ்டிக்தான்" என்றாள்.

"அல்லன்னு எழுதியிருக்கேம்மா."

"எழுதிட்டா ஆயிருமா? நெசமாவே மக்குற பையும் இருக்கு. அதும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும்."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"மண்ணுல பொதைச்சுட்டு ஆறு மாசம் கழிச்சுத் தோண்டிப் பாக்கணும் மாமா."

எனக்குப் பூ மறுநாள் காலையில் வேண்டும். மல்லிகையைத் துண்டில் கொட்டிக் கட்டி வைத்தேன்.

இப்போது விசேஷ நாளுக்கு வருகிறேன். நீங்கள் பைக்கிலும், சீர்த் தட்டுகள் வேனிலும் வந்து சேர்வதற்கு முன்பாகவே, தெருமுனையில் தங்களை வாழ்த்தி ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தது. தாங்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கும்பிட்டபடி இருந்தீர்கள். பார்க்க எடுப்பாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். சரண்யா அதைப் பார்த்ததும், "எங்கப்பா படமா இருந்தாலும் பிளெக்ஸ் பிளெக்ஸ்தான்" என்று மருதுவை விட்டு அவிழ்க்கச் சொல்லிவிட்டாள். தூக்கிப் போடவில்லை. தூக்கிப் போட்டால் தப்பு அல்லவா? மாடியில் மீதமிருந்த சிமெண்ட் மூட்டைகள் நனையாமல் இருக்க அதைப் போர்த்தி வைத்தாள். தங்கள் முகம் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. இது தங்கள் கண்ணில் பட்டதோ இல்லையோ தெரியாது, பட்டிருந்தால் மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

அடுத்தது பர்பி. சமையல்காரர் பேயாண்டி தேங்காய் பர்பி போட்டு, வில்லை வில்லையாக வெட்டி, பாக்குமட்டைத் தட்டுகளில் அடுக்கிப் பின்கட்டு பெஞ்சில் வைத்திருந்தார். அதே பெஞ்சில், அதே மாதிரிப் பாக்குமட்டைத் தட்டில், தாம்பூலப் பையில் போடுவதற்காகத் தங்கள் மகள் வரவழைத்த இன்னொரு பொருளும் இருந்தது. அது ஷாம்பூ. ஷாம்பூ என்றால் பாட்டிலில் இருக்கும், பாக்கெட்டில் இருக்கும் என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இது கட்டி. தேங்காய் எண்ணெயில் செய்து, செம்பருத்தி இதழ் தூவி, சந்தன நிறத்தில் சதுரமாக இருக்கும். உறை கிடையாது, பேர் எழுதிய சீட்டு கிடையாது, ஏனென்றால் உறையும் சீட்டும் குப்பை. மோந்து பார்த்தேன், தேங்காய் வாசம்தான் வந்தது. "மாமா, தட்டுல இருக்கிறதை வந்தவங்களுக்குக் குடுங்க" என்று சரண்யா அந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டுப் போனாள். எந்தத் தட்டு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சம்பந்தி, இங்கேதான் என் தவறு. பேயாண்டி வெட்டிய வில்லைகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, ஓரம் உதிர்ந்து கிடந்தன. மற்றது அளவெடுத்து அறுத்த மாதிரி, மேலே பூ இதழோடு, லட்சணமாக இருந்தது. மற்றவர்களுக்கு உதிர்ந்ததைக் கொடுப்போம், பெண்ணைக் கொடுத்தவருக்கு நல்லதாகப் பார்த்துக் கொடுப்போம் என்று தங்களுக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து நானே கையால் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தனை பேரில் உங்கள் ஒருவருக்கு மட்டும். நீங்கள் பாதியைக் கடித்தீர்கள். கண்ணை மூடினீர்கள். ருசியில் மூடுகிறீர்கள் என்று நினைத்து, "இன்னொண்ணு எடுத்துக்கங்க சம்பந்தி" என்றேன். "போதும், போதும்" என்றீர்கள். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சின்னக் குமிழி வந்து உடைந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மீதிப் பாதியையும் நீங்கள் மரியாதைக்காக வாயில் போட்டு விழுங்கினீர்களே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கிடந்து அடிக்கிறது. அப்புறம் குழாயடிக்குப் போனீர்கள், ரொம்ப நேரம் கொப்பளித்தீர்கள், போன் வந்தது, பேசினீர்கள், முகம் சிவந்தது, ஹெல்மெட்டை மாட்டினீர்கள். "பந்தி போட்டாச்சு, உக்காருங்க" என்று அன்னக்கொடி ஓடி வந்தாள். கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

கொஞ்ச நேரத்தில் பேயாண்டி வந்து, "அண்ணே, எம்புட்டுப் பேருக்குப் பர்பி குடுத்தீங்க? சம்பந்தி எப்படி இருக்குன்னு சொன்னாரா?" என்று கேட்டார். "சொல்லவா வேணும், பூ வச்ச பர்பில்ல குடுத்தேன்" என்றேன். "நான் எதுலண்ணே பூ வச்சேன்?" என்றார். பின்கட்டுக்குப் போய் நானும் பூ வைத்த வில்லை ஒன்றை எடுத்துக் கடித்தேன். அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை, அனுபவித்தவர் நீங்கள்.

வீட்டில் யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. பேயாண்டியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஆனால் தங்கள் மகள் தன் பிளெக்ஸ் வேலையால்தான் அப்பா கோபித்துக்கொண்டார் என்று முடிவு கட்டிவிட்டாள். அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். சம்பந்தியம்மாள், "அப்பா வீட்டுல இல்ல, இப்பப் பேசுற நெலமையிலயும் இல்ல, வையி" என்று வைத்துவிட்டார்களாம். அதிலிருந்து அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. "பொறந்த வீட்டை விடப் பூமி பெருசாப் போச்சான்னு எல்லாரும் கேப்பாங்கல்ல மாமா?" என்று என்னிடமே கேட்டாள். அடுத்த மாதம் தன் தம்பி நிச்சயதார்த்தத்துக்கு அப்பா கூப்பிடாமல் எந்த முகத்தோடு போவேன் என்கிறாள். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டாள். போன வாரம் கடைக்குப் போய் சிவப்பில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் தண்ணீர் மொள்ள ஒரு கப்பும் வாங்கிவந்து குளியலறையில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சந்தோஷமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? மூன்று மாதமாக எதை எதில் போடுவது என்று தெரியாமல் தவித்தவன் நான். ஆனால் அந்த வாளியைப் பார்த்ததும் எனக்குக் குளிக்கவே பிடிக்கவில்லை. காய்கறித் தோலைப் போட்டு உரமாக்குகிற தொட்டி ஒன்றை மாடியில் வைத்திருந்தாள், அதை அவள் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. நான்தான் தினமும் போய்க் கிளறிவிடுகிறேன். "ஏங்க, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அன்னக்கொடி கேட்டாள். கிளறாவிட்டால் நாறிவிடும் என்று சரண்யா ஒருநாள் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான்.

ஆகவே சம்பந்தி, குற்றம் முழுக்க என்னுடையது. வேண்டுமென்றே தங்களுக்கு ஷாம்பூக் கட்டியைக் கொடுத்து அவமானப்படுத்தினேன் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன். பெண்ணிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். தாங்கள் விரும்பினால் அந்த பிளெக்ஸை மறுபடி தெருமுனையில் நானே கம்பத்தில் ஏறிக் கட்டுகிறேன், எனக்குக் கம்பம் ஏறுவது புதிதல்ல. தாங்களும் சம்பந்தியம்மாளும் குடும்பத்தோடு எல்லாச் செல்வமும் பெற்று, நோய்நொடி அண்டாமல், குறிப்பாக வயிற்றுக்கு எந்தத் தொந்தரவும் வராமல் நீடூழி வாழ அழகர்மலைச் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் தங்கள் சம்பந்தி,
மா. வெள்ளைத்துரை

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் சரண்யா சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். புதுப் போனிலிருந்து நீங்கள் பேசினீர்களாம். அன்று போன் வந்தது உங்கள் காளை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டதைச் சொல்லத்தானாமே. தேடிப் போன இடத்தில் போன் வாய்க்காலில் விழுந்துவிட்டதும், பத்து நாள் அலைந்து வாடிப்பட்டிப் பக்கம் காளையைப் பிடித்ததும், புது வீடு புகுந்த நேரத்தில் அபசகுனமாக இருக்க வேண்டாமென்று சம்பந்தியம்மாள் மறைத்ததும் இப்போதுதான் தெரிந்தது. பிளெக்ஸைக் கட்டியது தங்கள் தம்பியாம், நீங்கள் அதைப் பார்க்கவே இல்லையாம். ஆக, கோபம் என்று ஒன்று இருக்கவே இல்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாகப் பாவித்து, படிக்காமல் கிழித்துவிடவும்.

மீண்டும் பின்குறிப்பு: கிழிக்க வேண்டாம். சரண்யா மிச்சத்தை இப்போதுதான் சொன்னாள். "அன்னைக்குச் சம்பந்தி எனக்குன்னு தனியா ஒரு மருந்து குடுத்தாரே, அது நல்லா வேலை செய்யுது"ன்னு அப்பா சொன்னாரு மாமா, ஷாம்பூவைப் போய் மருந்துங்கிறாரு, அப்பாவே நம்ம பக்கம் வந்துட்டாரு, தம்பி நிச்சயதார்த்தத்துக்கு வாரவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு வேணும்னு இருநூறு கேட்டிருக்காரு, இப்பத்தான் ஆர்டர் போட்டேன் என்கிறாள். தங்கள் தலையில் தேய்ப்பதற்கு முடி எங்கே இருக்கிறது என்று கூட அந்தப் பிள்ளை யோசிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவள் முகத்தைப் பார்த்து என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. பெட்டி நேராக அலங்காநல்லூருக்கே வரும். சம்பந்தி, கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அது தலைக்கு.