டத்தோ கோங் அடிக்காமல் வேலை இல்லை

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் எங்கள் கம்பெனியில், வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஒருவர் ஊழியர் ஆகிவிட முடியாது. அதற்கென்று வரவேற்பு விழா உண்டு. டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வந்து, கோங் என்கிற அந்த வெண்கலத் தட்டை அடித்து அதைத் தொடக்கி வைக்க வேண்டும். அதுவரைக்கும் புது ஆள் சட்டப்படி விருந்தாளி. உட்காரலாம், சாப்பிடலாம், எதையும் தொடக்கூடாது. இந்த விதியை எழுதியவர் மனிதவள மேலாளர் குமுதா. நான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பிழைக்கிறவள், எனக்கெதற்கு வம்பு என்று காரணம் கேட்டதில்லை.

இந்த முறை வந்தவர் ஒரே ஒருவர், கிள்ளானைச் சேர்ந்த ஜீவன். லிஃப்ட் மெக்கானிக். எங்கள் லிஃப்ட் நினைத்தால் போகும், நினைத்தால் நிற்கும். அதனால்தான் அவரை எடுத்தார்கள்.

விழா ஆறாவது மாடியில். டத்தோ இராமலிங்கம் முறைப்படி தாமதமாக வந்தார், இரண்டு கிளாஸ் தே தாரிக் குடித்தார், லிஃப்டில் ஏறினார். மரியாதை கருதி நாங்கள் யாரும் கூட ஏறவில்லை. லிஃப்ட் நாலாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது.

எல்லோரும் படியேறி ஓடினோம். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சீக்கிரம் திறங்க லா. அவசரமா டாய்லெட் போகணும்."

ஜீவன் டூல்பாக்ஸைத் திறந்தார். குமுதா குறுக்கே வந்து நின்றார்.

"தம்பி, நீங்க இன்னும் ஸ்டாஃப் இல்ல. கோங் அடிக்கல."

"அடிக்க வேண்டியவரு உள்ள இருக்காருக்கா."

"தெரியும். அவரு வெளிய வந்து அடிச்ச உடனே நீங்க கதவைத் திறக்கலாம்."

நான் இதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அக்கா மாஸ்டர்ஸ் படித்தவர், சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டி வைத்தேன்.

"இப்பவே திறந்தா என்ன ஆகும்?" என்றார் ஜீவன்.

"விருந்தாளி மெஷினைத் தொட்டா இன்சூரன்ஸ் கிடையாது. உங்களுக்கு வேலையும் கிடையாது."

பாவம், போன மாதம்தான் கல்யாணம் ஆனவர். டூல்பாக்ஸை மூடிவிட்டார்.

"வெளியாளைக் கூப்பிடுங்களேன்," என்று டத்தோ கெஞ்சினார்.

"சொந்த மெக்கானிக் இருக்காருன்னு அவங்க காண்ட்ராக்டை நிறுத்திட்டோம் டத்தோ," என்றார் குமுதா பெருமையாக.

பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. டத்தோ உள்ளேயிருந்து கதவைத் தட்டினால், அதையே கோங் என்று ஏற்றுக்கொள்ளலாம். சொல்லி முடிப்பதற்குள் டத்தோ தட்டினார். அவ்வளவு உணர்ச்சியோடு யாரும் கோங் அடித்து நான் பார்த்ததில்லை.

"இது செல்லாது டத்தோ. முதல்ல உரை, அப்புறம்தான் கோங்."

உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, புதிய ஊழியரே," என்று டத்தோ தொடங்கினார், "கதவைத் திறங்கய்யா."

சுருக்கம், தெளிவு, உருக்கம். அத்தனை பேரும் கைதட்டினோம். டத்தோ கதவை உதைத்தார். குமுதா ஜீவனுக்கு மாலை போட்டார், படம் எடுத்தோம், ஜீவன் ஊழியரானார். மாலையோடேயே லிஃப்டை மேலே ஏற்றிக் கதவைத் திறந்தார். டத்தோ யாரையும் பார்க்காமல் ஓடினார்.

அன்றைக்கே லிஃப்டை ஜீவன் முழுசாகச் சரிசெய்துவிட்டார். அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது. இவ்வளவு சுருக்கமான விழாவை எங்கள் முதலாளி பார்த்ததே இல்லையாம். இனி எல்லா வரவேற்பு விழாவும் இதே முறைப்படி நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

குமுதா ஜீவனைக் கூப்பிட்டார். "லிஃப்ட் நிக்கலைன்னா விழா எப்படி நடக்கும்?"

"ரிப்பேர் பண்ணத்தானேக்கா என்னை எடுத்தீங்க?"

"அதான் உங்க மேல உள்ள குறை. அப்ரைசல்ல எழுதியிருக்கேன்."

குடும்பஸ்தர் என்ன செய்வார்? லிஃப்டை நிறுத்தி வைத்தார். வேலை நிரந்தரமானது.

ஆனால் சங்கதி வெளியே பரவி, இப்போது எந்த டத்தோவும் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறாவது மாடியில் விருந்தாளிகளாகவே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள். ஊழியர்களாகிய நாங்கள் அவர்களுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் தூக்கிக்கொண்டு படியேறுகிறோம். முட்டி தேய்ந்துவிட்டது. போன வாரம் நான் ராஜினாமா கொடுத்துவிட்டு, இதே கம்பெனியில் புது ஆளாகச் சேர நேர்காணலுக்குப் போனேன்.

எனக்கு முன்னால் வரிசையில் குமுதா அக்கா நின்றுகொண்டிருந்தார்.