அம்மாவின் விஷமம்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ரத்னாபாய் பெரியம்மா அவர்களுக்கு,

ஷாலு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நலமாக இருப்பது அப்பாவும் நானும் மட்டும்தான்.

உங்கள் ஆபரேஷனுக்கு அம்மா என் பரீட்சையைச் சாக்குச் சொல்லி வராததால், ஓணத்திலிருந்து நீங்கள் அவள் போனை எடுப்பதில்லை அல்லவா? அன்றிலிருந்து மீன்குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறாள், அல்லது போடுவதே இல்லை. அப்பா அதையும் பொறுமையாகச் சாப்பிட்டுவிடுகிறார். இதற்கிடையில் எங்கள் சபைக்குச் சாத்தான்குளத்திலிருந்து புதிதாக வந்த போதகர் தங்கபாண்டி ஐயா, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்னாலுள்ள சின்ன அறையில் மன ஆலோசனை என்று தொடங்கியிருக்கிறார். மேஜை, நாற்காலிகள், ஒரு டிஷ்யூ டப்பா. யாரும் போவதில்லை, ஏனென்றால் அந்தக் கதவு டீ கொடுக்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. உள்ளே போனவர் வெளியே வருவதற்குள் அவருக்கு என்ன குறை என்று டீ குடிப்பவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். ஆகவே அம்மா, என் படிப்பைப் பற்றிக் கேட்கப் போவதாக எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

உட்கார்ந்ததும், "ஐயா, எனக்கு வல்லாத்த விஷமமாக்கும்" என்றாள். நமக்கு அது புரியும். மலையாளத்தில் வல்லாத்த என்றால் கடுமையான, விஷமம் என்றால் மனவருத்தம். நம் வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறோம். ஐயாவின் சாத்தான்குளத்துத் தமிழில் விஷமம் என்றால் குறும்பு. ஐயா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். எப்போதிலிருந்து என்று மெதுவாகக் கேட்டார். ஓணம் முதற்கொண்டு என்றாள் அம்மா. அடக்க முடியவில்லையா என்றார். அடக்கித்தான் வைத்திருக்கிறேன், அடுக்களையில் தனியாக நிற்கும்போது கூடிவிடுகிறது என்றாள். வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்றார். தெரியும், பாவம், பொறுத்துக்கொள்கிறார் என்றாள். உடனே ஐயா கண்ணை மூடி, இந்தச் சகோதரியின் விஷமத்தை அடக்கியருளும், இவள் கணவருக்கு மேலும் பொறுமையைத் தாரும் என்று உருக்கமாக ஜெபித்தார். ஜெபத்தின் நடுவில் குறுக்கிடக் கூடாது என்பதால், ஆமென் வரைக்கும் காத்திருந்து இரண்டு அர்த்தத்தையும் நான் விளக்கினேன்.

பெரியம்மா, அம்மா சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்தும் டீ குடிப்பவர்களுக்குக் கேட்கும்படி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. ஐயா வசனம் ஒன்றும் சொல்லவில்லை, டப்பாவை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நான் தப்பா ஜெபிச்சிட்டேன்மா. நீங்க முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

அப்போதுதான் சொன்னாள். பரீட்சை எல்லாம் இல்லை. உங்கள் ஆபரேஷன் அன்று ஷாலுவாகிய நான் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "அக்காகிட்டச் சொன்னா ஆபரேஷனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு கட்டில்ல இருந்து இறங்கி வந்திருவா ஐயா. அவளுக்குப் பிள்ளைன்னா இவதான்." பிறகு சொல்லலாமென்றால் நீங்கள் போன் எடுக்கவில்லை.

அந்த அறையில் பேசியது வெளியே போகாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. அதனால் இதை உங்களுக்கு எழுதலாமா என்று ஐயாவிடம் தனியாகக் கேட்டேன். காய்ச்சல் வந்தது உனக்குத்தானே, அதை நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார். ஆகவே சொல்கிறேன்: எனக்குக் காய்ச்சல் வந்தது. மேலே உள்ள மற்றதையெல்லாம் வாசிக்காதது போல இருந்துகொள்ளுங்கள்.

இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. நீங்கள் ஒருநாள் தற்செயலாக வருவதுபோல இங்கே வந்துவிட்டால் போதும். உங்கள் உடம்புக்கு நல்ல சுகமும் எங்கள் மீன்குழம்புக்கு அளவான உப்பும் கிடைக்கத் தினமும் ஜெபிக்கும்,

உங்கள் மகள்,
ஷாலு

பி.கு.: அம்மாவுக்குத் தெரியாமல் என்பதை அடித்துவிடுங்கள். பார்த்துவிட்டாள். முழுவதும் வாசித்துவிட்டு, "வயிறு கீறின ஆளையா பஸ்ஸில வரச் சொல்லுத நீ? அவ வரண்டாம், நாம போவோம்" என்று சேலை மாற்றிக்கொண்டிருக்கிறாள். ஆகவே ஸ்டாம்பு ஒட்டவில்லை, கடிதத்தை நானே உங்கள் கையில் தருவேன். நீங்கள் இதை வாசிக்கும்போது அம்மா வெளியே கேட் பக்கம் நின்றுகொண்டிருப்பாள். நீங்கள் கூப்பிடாமல் உள்ளே வரமாட்டாளாம். இதை நான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். பாவம், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.