சத்தமில்லாத பவர் சப்ளை

சுவரில் மூன்றாவது தட்டு விழுந்ததும் டைப்பிஸ்ட் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவருக்குக் கையும் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு அவர் கம்ப்யூட்டரைப் போட்டால் மறு நிமிடம் அந்தப் பக்கத்திலிருந்து டொக், டொக், டொக். சாயங்காலம் ஆறு மணிக்கு அணைத்தால் மறுபடி மூன்று. ஆறு மணித் தட்டுக்கு, 'தொலைஞ்சுதுடா சனியன்' என்று டைப்பிஸ்ட் அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தார்.

பாவம், கம்ப்யூட்டர் அப்படிக் கத்துகிறது என்பதே அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் ரிப்போர்ட்டுகளை வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். காதில் எந்நேரமும் ஹெட்போன். ஒன்பது டாக்டர்கள் தினமும் அவர் காதில் பேசினார்கள். ஒருவர்கூட அவரிடம் பேசியதில்லை. "நோயாளி நலமாக இருக்கிறார், முற்றுப்புள்ளி" என்பார்கள். உனக்கு எப்படியப்பா இருக்கு என்று கேட்க நாதி கிடையாது. வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் பண்ண ஓர் அக்கா. குடிவந்த நாலு மாதத்தில் அவர் இருக்கிறார் என்பதைக் கவனித்து ஒரு மனுஷ ஜன்மம் செய்த ஒரே காரியம், அந்தத் தட்டுதான்.

தட்டுகிற பக்கத்து வீட்டு அம்மாளை அவர் பார்த்ததே இல்லை. வயதானவர், வெளியே வருவதில்லை, கவனித்துக்கொள்ள ஒரு பெண் வந்து போகிறாள் என்று மட்டும் தெரியும்.

"டேய், அந்தம்மா வீட்டு ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா உன் கதி என்ன?" என்று அக்கா ஃபோனில் வறுத்தெடுத்தாள். "மூணு வருஷத்துல நாலு வீடு மாறிட்டே. இங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருக்கப் பாரு."

"நான் என்னக்கா பண்றேன்? கம்ப்யூட்டர்தான் கத்துது."

"அப்ப அதோட வாயை அடைக்கிற வழியைப் பாரு."

அன்றே கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார். கடைக்காரர் பிளக்கைச் சொருகினார். பெட்டி உறுமிய உறுமலில் மேஜைமேல் இருந்த திருகாணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து கீழே விழுந்தன.

"பவர் சப்ளை சார். கரண்டை வாங்கி உள்ளே பிரிச்சுக் குடுக்கிற டப்பா. அதோட ஃபேன் இறக்கை வளைஞ்சிருக்கு. இதை எங்கே வெச்சிருக்கீங்க?"

"சுவர்ல இரும்பு ஸ்டாண்டு அடிச்சிருக்கு. அதுமேல."

"பலே! கட்டடமே ஆடியிருக்குமே. பக்கத்து வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

"அதுக்குத்தாண்ணே வந்தேன். தட்டறாங்க."

"ஒரு நடை நேர்ல போய்ப் பேசிட்டு வரலாமே?"

"எப்படிண்ணே போறது? கோவமா இருக்காங்க."

மன்னிப்புக் கடிதம் ஒன்றை அவர் பதினோரு தடவை டைப் அடித்திருந்தார். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தடவையும் 'நோயாளி' என்ற வார்த்தை எங்காவது நுழைந்துவிட, எதுவும் அந்த வீட்டுக் கதவு வரை போகவில்லை.

கடைக்காரர் அலமாரியிலிருந்து நாலைந்து டப்பாக்களை எடுத்துப் பரப்பினார். "இது வெண்கலம், இது வெள்ளி, இது தங்கம்."

"நான் கம்ப்யூட்டர் கடைக்குத்தானே வந்திருக்கேன்?"

"கரண்டை வீணாக்காம இருந்தா அதுக்கு மெடல் சார். மேலே ஒட்டியிருக்கிற வாட் கணக்கை மட்டும் நம்பாதீங்க. ஐந்நூறுன்னு எழுதியிருப்பான், முந்நூறைத் தாங்கினா பெரிய விஷயம்."

டைப்பிஸ்ட் ஒரு நோட்டில் கோடு போட்டார். பெயர், எடை, ஃபேன், உத்தரவாதம், விலை. கடைசியாக 'சத்தம்' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். எல்லாவற்றையும் எழுதி முடித்து யோசித்ததில், விலைதான் ஜெயித்தது. மெடல் எதுவும் வாங்காத 'ஜிக்மா' என்ற ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஜிக்மா உறுமவில்லை. கொசு மாதிரி ரீங்காரம் போட்டது; நடுநடுவே ஓர் உதறல். மறுநாள் தட்டு ஒன்பதுக்கு விழுந்தது, ஒன்பதரைக்கு விழுந்தது, பத்து மணிக்கு மறுபடியும் விழுந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!

"விலையைப் பார்த்தா இப்படித்தான் சார்," என்றார் கடைக்காரர். "கையில வாங்கிப் பார்க்கணும். கனமா இருந்தா உள்ளே சரக்கு இருக்குன்னு அர்த்தம். இந்த 'மாமத்'தைத் தூக்குங்க."

தூக்கினார். தோள்பட்டை இறங்கியது. நோட்டில் 'எடை' என்பதற்குக் கீழேயும் இரண்டு கோடு விழுந்தது.

மாமத்தை மாட்டிய காலையில் வீட்டுக்குள் பேரிரைச்சல். ஹெட்போனைத் தாண்டி அவருக்கே கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு இல்லை, பதினேழு! அவர் எண்ணினார். அதுவும் தாளக்கட்டோடு, கச்சேரி மாதிரி. அம்மாளுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று பயந்து, டைப்பிஸ்ட் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து, துணிமணிகளை எடுத்து அடுக்கவே ஆரம்பித்துவிட்டார். எந்த நிமிஷமும் வீட்டுக்காரர் ஃபோன் வரும்.

வரவில்லை. மத்தியானம் மாமத்தைக் கடைக்குத் தூக்கிப் போனார். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கனம் காட்டறதுக்காக உள்ளே ஒரு இரும்புத் துண்டை ஒட்டியிருக்கான் சார், படுபாவி. பசை விட்டுடுச்சு. அதான் குதிக்குது."

"நம்பித் தூக்கினேனேண்ணே!"

"நானும்தான் சார் நம்பி வாங்கி வெச்சேன்."

நல்லதாக ஒன்று நாளைக்கு வரும் என்றார். அதுவரை ஜிக்மாவையே மறுபடி மாட்டி, அடியில் ஒரு தலையணை, பக்கத்துக்கு ஒரு தலையணை, மேலே ஒரு போர்வை என்று குழந்தையைத் தூங்க வைப்பதுபோலப் போர்த்திவிட்டார். சத்தம் அமுங்கியது. நாற்பது நிமிடம் சொர்க்கம். பிறகு பஞ்சு கருகும் வாசனை வந்தது. "நோயாளியின் மூச்சு" என்று டைப் அடித்த இடத்தில் கம்ப்யூட்டர் கடைசி மூச்சை விட்டது. அந்த நோயாளி என்ன ஆனார் என்று டைப்பிஸ்டுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் கடைக்காரர் கறுப்பு அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார்.

"சைலன்டோ. தங்க மெடல், பத்து வருஷம் உத்தரவாதம். உங்க டைப் வேலைக்கெல்லாம் இதோட ஃபேன் சுத்தவே சுத்தாது. ஓடுதா இல்லையான்னு தெரியாம ரெண்டு பேர் ரிப்பேர்னு திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க."

விலையைப் பார்த்து டைப்பிஸ்டுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் நோட்டில் 'சத்தம்' என்ற இடத்தில் பூஜ்யம் போட்டபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது பரீட்சையில் நூறு வாங்கியபோதுகூட வந்ததில்லை. ஸ்டாண்டின்மேல் பெட்டிக்கு அடியில் வைக்க ரப்பர் கட்டைகளும் நாலு வாங்கிக்கொண்டார்.

"அந்த முதல் பவர் சப்ளை இங்கேயே கிடக்கு. குப்பையில போட்டுடவா?"

"வேண்டாண்ணே. குடுங்க, இருக்கட்டும்."

மறுநாள் ஒன்பது மணிக்கு சைலன்டோவைப் போட்டார். திரை வெளிச்சமானது. ஒரு சத்தமும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஒன்பது ஐந்து, ஒன்பது பத்து... தட்டு இல்லை.

"ஜெயிச்சாச்சு!" என்று கையைத் தட்டினார். தட்டிய கையோடு திரும்பிப் பார்த்தார். சொல்ல யாரும் இல்லை. அக்காவுக்கு ஃபோன் செய்தார். வேலையாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆறு மணிக்கு அணைத்தார். அப்போதும் இல்லை.

இரண்டாம் நாள் ஹெட்போனை ஒரு பக்கக் காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் காபி ஆறிப்போகிற வரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே இருமினார். அகராதியைக் கீழே போட்டார். ஊஹூம். நான்காம் நாள் விரலை மடக்கிச் சுவர் வரைக்கும் கொண்டுபோனார். தட்டவில்லை. தட்டி என்னவென்று சொல்வது? என்னைத் திட்டுங்கள் என்றா? திட்டுவதற்காவது ஒருவர் இருந்தார். அதையும் நல்ல விலை கொடுத்து நிறுத்தியாயிற்று. நாலு மாதமாக அந்த மூன்று தட்டுக்காகத்தான் ஒன்பது மணிக்குள் குளித்து, சட்டை மாற்றி, ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தோம் என்று அப்போது புரிந்து, டைப்பிஸ்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழைப்பு மணி அடித்தது.

பக்கத்து வீட்டு அம்மாளைக் கவனித்துக்கொள்ளும் பெண் வாசலில் நின்றிருந்தாள். அவரைக் கண்டதும், "அப்பாடா, இருக்கீங்களா சார்?" என்றாள்.

டைப்பிஸ்ட் முந்திக்கொண்டார். இரண்டே எட்டில் ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து நீட்டினார். "பாருங்கம்மா, மூணு மாத்திப் பார்த்துட்டேன். இப்ப பூஜ்யம். அம்மாகிட்ட சொல்லுங்க, இனிமே என்னால ஒரு தொந்தரவும் வராது, ஒரு சத்தமும் கேக்காது."

அவள் நோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் காது கேக்காமப் போய்ப் பத்து வருஷமாச்சு சார், படுத்த படுக்கையா அந்தச் சுவர்ல கையை வெச்சுக்கிட்டே இருப்பாங்க, அது அதிர்ந்தா பக்கத்துல ஆள் இருக்குன்னு சந்தோஷப்பட்டு 'நானும் இருக்கேன்'னு மூணு தட்டுத் தட்டுவாங்க, சாயங்காலம் நின்னா 'நாளைக்குப் பார்க்கலாம்'னு இன்னொரு மூணு, இப்ப நாலஞ்சு நாளா அதிரலையேன்னு சாப்பிட மாட்டேங்கறாங்க."