அரைப் புள்ளியும் ஐந்து ரோல்ஸும்

அன்பின் அக்கா திரேசம்மாவுக்கு,

பியர்பொன்ட்ஸில் இருந்து தம்பி அருமைநாதன் எழுதுவது. இங்கே நானும் றோசாவும் முழங்கால் வரை பனியில் சுகம். மன்னாரில் நீங்களும் அத்தானும் ஆடுகளும் சுகமாயிருக்க மடுமாதாவை மன்றாடுகிறோம்.

எங்கள் மகள் றொசானா சித்திரை மாதம் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டாள். 'கோ' என்ற விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரியாக வரப் போகிறாளாம். ஒருவர் கறுப்புக் கல்லும் மற்றவர் வெள்ளைக் கல்லுமாகப் பலகையில் வேலி அடைத்துக்கொண்டு போக, கூடுதலாக இடம் பிடித்தவர் வெல்வார். இதை எங்கள் ஊரில் எல்லோரும் சம்பளமில்லாமலே செய்கிறார்களே என்றேன். பிள்ளை சிரிக்கவில்லை.

போன சனிக்கிழமை புரோசார்டில் இறுதியாட்டம், வென்றவருக்குத் தொழில்முறைப் பட்டம். எதிராளி வான்கூவரில் இருந்து வந்த மின்ஜுன் என்ற பொடியன். மதிய இடைவேளையில் அவன் தனியே இருந்து ஒரு காய்ந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒருவன் பார்த்திருக்க நாங்கள் சாப்பிடுவது எப்படி? றோசா கட்டித் தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸில் இரண்டைக் கொடுத்தேன். போதும் என்று கும்பிட்டான். வெட்கப்படுகிறான் என்று நினைத்து, "ஈட் தம்பி, ஈட்!" என்று இன்னும் மூன்றைத் தட்டில் வைத்தேன். பாவம், மரியாதைக்காரன், ஐந்தையும் தின்றான். உங்கள் மிளகாய்த்தூள்தான் அக்கா, நீங்கள் பார்சலில் அனுப்பியது.

ஆட்டம் திரும்பத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பொடியனின் முகம் சிவந்து, வியர்த்து, ஒரு கல்லை வைத்து மணிக்கூட்டை அமத்திய கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினான். இனி எங்கள் பிள்ளையின் முறை. ஆளுக்கு அளந்து கொடுத்த நேரத்தில் அவனுக்கு மிச்சம் நான்கே நிமிடம். இவள் ஒரு கல்லை வைத்து மணிக்கூட்டை அமத்தினால் அவனுடைய நேரம் ஓடி முடியும், பட்டம் வீட்டுக்கு வரும். இவளோ கையைக் கட்டிக்கொண்டு தன்னுடைய நேரத்தை ஓடவிட்டு இருக்கிறாள்! நான் ஆட்ட அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, "வையடி பிள்ளை, வை!" என்று கத்த, நடுவர் வந்து, "சிலான்ஸ், மெசியு!" என்று பிரெஞ்சில் அதட்டி என்னைப் பனிக்குள் விட்டார். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன், பதினொரு நிமிடம் போயிற்று. அவன் வந்து இருந்த பிறகுதான் கல்லை எடுத்தாள். பேந்து நேரம் போதாமல் அவசரப்பட்டு அரைப் புள்ளியால் தோற்றாள். ஒரு கல்லைப் பாதியாக வெட்டியவர் யார் என்று கேட்டேன், நடுவர் திரும்பவும் கதவைக் காட்டினார்.

காருக்குள் கேட்டேன், "ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தனி?"

"ஆள் இல்லாத நேரம் பாத்துக் காணி பிடிக்கிறதோ அப்பா? அது களவு."

நான் உடனே ரேடியோவைக் கூட்டிவிட்டேன்.

எனக்கு வயிறு எரிகிறது அக்கா. நீங்கள் அவளின் ஞானத்தாய், சொன்னால் கேட்பாள். இந்த விளையாட்டை விட்டு மருந்துக்கடைக்குத் திரும்பிப் போகச் சொல்லி உடனே எழுதுங்கள்.

அத்தானின் முழங்கால் நோவு குறைய எங்கள் செபங்கள்.

அன்புத் தம்பி,
அருமைநாதன்

பி.கு.: அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். அடுத்த வருடமும் போட்டிக்கு நான்தான் கார் ஓடுவேன், ரோல்ஸ் இல்லாமல். மற்றது, பக்கத்துக் காணி அருமைராசா பிரான்சில் இருந்து வருவதற்கிடையில் எங்கள் வேலியை அவருடைய பக்கம் மூன்றடி தள்ளிப் போடச் சொல்லிப் போன மாதம் எழுதினேன் அல்லவா? தள்ளியிருந்தால், தயவுசெய்து பழைய இடத்திலேயே போட்டுவிடுங்கள்.