மேடையைச் சுத்தம் செய்த குற்றம்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. ஒரு மேடையைத் துடைத்துச் சுத்தமாக வைத்ததற்காக மூன்று பிள்ளைகள் அன்று குற்றவாளிகள் ஆக்கப்பட்டனர். இன்றுவரை அதைத் தட்டிக் கேட்பார் ஒருவரும் இல்லை.

மூவரில் அக்காள்தான் பாடுபவள், வயது பதினாறு. அவளுடைய தம்பி டிரம்ஸ் வாசிப்பவன். கிட்டார் வாசிக்கும் வகுப்புத் தோழனை உயரம் கருதி எல்லாரும் ஒட்டகம் என்றே அழைத்தனர். பேர்போன பாடகர் ஒருவர் மேடையேறுமுன் இரண்டு பாடல்கள் பாடும் வாய்ப்பு இவர்களுக்குக் கிட்டியிருந்தது. அக்காள் சில நாள்களாகத் தொண்டைக்கு வெந்நீரைத் தவிர வேறொன்றும் காட்டவில்லை.

அவர்கள் மண்டபத்தை அடைந்தபோது மேடையில் ஆள் அரவமே இல்லை. தரை முழுவதும் தூசி. போதாக்குறைக்குச் சிவப்பும் மஞ்சளுமாக ஒட்டுநாடாத் துண்டுகள்: பெருக்கல் குறிகள், அம்புகள், நட்டநடுவே ஒரு பெரிய வட்டம்.

"பரீட்சை முடிஞ்சும் நம்ம பெஞ்சுல நம்பரைப் பிரிக்காம விட்ருப்பாங்களே, அந்த லட்சணமா இருக்கு," என்றான் தம்பி.

ஓர் இடத்தைப் பயன்படுத்துமுன் அதைப் பெருக்கித் துடைக்க வேண்டும் என்பது அவர்களுடைய பள்ளியின் சட்டம். ஆகவே எவரும் ஏவாமலே வேலை தொடங்கிற்று. ஒட்டகம் நகத்தால் சுரண்டினான், தம்பி துடைத்தான். நாடாக்கள் ஓர் உருண்டையாகிக் குப்பைத் தொட்டியைச் சேர்ந்தன. தரை பளபளத்தது.

அப்போது பாடகரின் மேடை மேலாளர், காதில் கைப்பேசியோடு, ஓரக் கதவின் வழியே தலையை மட்டும் நீட்டினார்.

"பசங்களா, தரையில இருக்கற டேப்ல கை வச்சிராதீங்க. எங்க ஆளுங்க காலையிலயே ஒட்டியிருப்பாங்க. லைட்டு வெளிச்சத்துல அண்ணனுக்கு எதிர்ல ஒண்ணும் தெரியாது. குறியைப் பார்த்துத்தான் நடப்பாரு, திரும்புவாரு, உட்காருவாரு. ஒண்ணு மாறினாலும் உங்க பாட்டு கிடையாது!"

தலை மறைந்தது. அக்காளின் முகத்தில் ஈயாடவில்லை.

"டேய் ஒட்டகம், தொட்டியைக் கவுத்து!"

"கவுத்துட்டேன். மேல எவனோ காப்பியை ஊத்தியிருக்கான்."

உருண்டையைப் பிரித்தார்கள், நாடாவில் பசை செத்திருந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்திரியால் ஒட்டினார்கள். தரைக்கே அடிபட்டதுபோல் ஆயிற்று. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, சுவரொட்டிக்குக் காய்ச்சிய பசையை ஒட்டகம் ஒரு வாளி நிறையத் தூக்கி வந்தான்.

"இந்த அம்பு இடது பக்கம்தான் பார்த்துச்சு," என்றான் தம்பி.

"உன் இடதா, என் இடதா?"

"அப்ப நான் குனிஞ்சிருந்தேன். ரெண்டும் இல்ல."

எவருக்கும் இடம் நினைவில்லாத அம்புகளையெல்லாம், வீணாக்க மனமின்றி, வட்டத்தைச் சுற்றியே ஒட்டினர். மிஞ்சிய சிவப்புப் பெருக்கல் குறி வட்டத்தின் நடுவே போயிற்று.

பசை காயுமுன் மண்டபம் நிரம்பிவிட்டது.

கூட்டத்தின் கண்ணைப் பார்த்துப் பாட வேண்டும் என்று கனவு கண்டவள், முதல் பாடல் முழுவதும் தரையைப் பார்த்தே பாடினாள். நழுவிய அம்பைக் காலால் தள்ளினாள். இரண்டாம் பாடலில் செருப்பு பசையில் சிக்கிற்று. கால் வந்தது, செருப்பு வரவில்லை. நொண்டியபடியே பல்லவியை முடித்தாள். அதைப் புதுவகை ஆட்டம் என்று கொண்ட கூட்டம் விசிலடித்தது.

பின்னர்ப் பாடகர் தோன்றினார். முதல் அம்பு அவரை மேடையின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்திற்று. அடுத்தது திருப்பியது. வட்டத்தை அடைந்ததும் அம்புகள் விடவில்லை; உருக்கமான காதல் பாட்டைப் பாடிக்கொண்டே மூன்று முறை சுற்றினார். பிறகு சிவப்புக் குறியைக் கண்டார், பொத்தென்று உட்கார்ந்தார். மண்டபம் அதிர்ந்தது.

திரைக்குப் பின்னால் மேலாளர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "பாப்பா, ஒத்தைச் செருப்புல ஆடினியே, சனம் சொக்கிப் போச்சு! அடுத்த நாலு ஊர்லயும் நீங்கதான் முதல்ல பாடறீங்க."

அக்காள் மூச்சு விடுமுன் பாடகர் இடுப்பைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். "எவன்யா குறி ஒட்டினது? தலை கிறுகிறுன்னு சுத்துது!"

"ஒட்டின பையனை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிடறேண்ணே."

ஒட்டகம் அவள் கையைக் கிள்ளினான். தம்பி, "அக்கா, பேசாம இரு," என்று பல்லைக் கடித்தான். எவனோ ஓர் அப்பாவியின் பிழைப்பு. நான்கு ஊர்கள். அவள் மேலாளரின் முன் போய் நின்றாள்.

"அவரைத் தூக்காதீங்க சார். நாங்கதான் பிரிச்சோம், நாங்கதான் மாத்தி ஒட்டினோம்."

"நாலு ஊரும் கிடையாது! மூட்டையைக் கட்டுங்க!" என்று சீறினார் மேலாளர்.

அந்நேரம் பார்த்து, ஒரு கையில் வளையமும் மறு கையில் நாயுமாக ஒரு பெண்மணி உள்ளே வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். நேத்து இங்க நாய்ப் போட்டி நடத்தினேன், டேப்பைப் பிரிக்க மறந்துட்டேன். உங்க ஆளுங்க வண்டி வழியிலேயே நின்னு, இப்பத்தான் வாசல்ல வந்து இறங்கறாங்க." பிறகு பாடகரின் பக்கம் திரும்பி, மனமுருகிக் கைகூப்பினாள். "ஆனா அண்ணே, வட்டத்தைச் சுத்திட்டு உட்கார எங்க நாயை மாசக்கணக்குல பழக்கினேன். நீங்க பார்த்த மாத்திரத்துல செஞ்சுட்டீங்களே!"

வாசகரே, பறித்த நான்கு மேடைகளும் அப்பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்கும்வரை எந்தப் பாடகருக்கும் கைதட்டாதீர்கள். அந்த நாய்க்கு வேண்டுமானால் தட்டுங்கள்.