ஏழரை அடி உயரத்தில் தாண்டவராயன்

ஊரப்பாக்கத்தில் எனக்கு ரவிக்கை தைக்கிற ஜெய்புன்னிசாதான் இதை முதலில் சொன்னாள். போன ஆவணியில், அளவு எடுத்துக்கொண்டே சொன்னாள். சிரித்த சிரிப்பில் என் தோளளவை மூன்று தடவை தப்பாக எழுதினாள். அவள் பக்கத்து வீட்டில் நடந்த கதை இது.

அந்த வீட்டுத் தாண்டவராயன், படூரில் பதினாலு மாடி எழும்பும் ஒரு கட்டடத்தில் சேஃப்டி சூப்பர்வைசர். ஆறடிக்கு மேலே யார் ஏறினாலும் பெல்ட் மாட்ட வேண்டும். பெல்ட்டின் கயிற்றை மேலே கொக்கியில் பூட்ட வேண்டும். பர்மிட் தாளில் கையெழுத்து வேண்டும். கீழே ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும். பர்மிட்டில் எழுதிய வேலை முடியும் முன்னே மேலே பெல்ட்டை அவிழ்த்தவனை மூன்று நாள் கேட்டுக்கு உள்ளேயே விடமாட்டார். நல்ல காரியம்தான். எத்தனை பிள்ளைகள் அதனால் முழுசாக வீடு திரும்புகிறார்களோ! ஆண்டவன் அவருக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்.

ஆனால் ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த ரூல் அவருக்கு வேறு விதத்தில் உதவப் பார்த்தது. கொக்கிலமேட்டில் கூட்டாளி ராஜேந்திரனின் புதுப் படகுக்கு விருந்து. வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு. சீக்கிரம் கிளம்பினால்தான் முதல் பந்தி. மனைவி யோகேஸ்வரியோ, கோயிலில் கூழ் ஊற்றப் பரண்மேல் கிடக்கும் பித்தளை அண்டாவை இறக்கித் தரும்படி நாலு வாரமாகக் கெஞ்சுகிறாள்.

"இன்னாங்க, அண்டா?"

"பரண் எத்தினி அடி? ஏழரை. பெல்ட்டு இல்லாம நான் ஏறுனா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு சைட்டுக்குப் போறது?"

"பெல்ட்டு எங்க கீது?"

"ஸ்டோர்ல. ஞாயித்துக்கிழமை பூட்டிட்டானுங்க. ரூல்னா ரூலுதான்!"

புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மீசையை வாரினார். யோகேஸ்வரி வெளியே போனாள். பைக் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில் பெல்ட் தொங்கியது.

"இது இன்னா, கருவாடா?"

தாண்டவராயன் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

"கொக்கி வோணுமே..."

"தொட்டில் கட்டுன கொக்கி கீது."

"அது எத்தினி கிலோ தாங்கும்? டெஸ்ட்டு பண்ணணும்."

"உங்க தங்கச்சி அதுல ஊஞ்சல் கட்டி ஒரு மாசம் ஆடுனாங்க. அதுக்கு மேல இன்னா டெஸ்ட்டு?"

"கீழ ஒரு ஆளு நிக்கணும்."

"ஜெய்பு அக்கா!"

ஜெய்புன்னிசா ஏணியோடு ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். பர்மிட்டும் நோட்டுத் தாளில் தயார். அண்டாதானே, ரெண்டு நிமிஷம் என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கடா என்று தினமும் நாற்பது பேருக்குச் சொல்கிற மனுஷன்!

ஏறினார். பூட்டினார். அண்டா இறங்கியது.

"முடிஞ்சுது. வரேன்."

"இருங்க. அக்கா, பர்மிட்ட படி."

ஜெய்புன்னிசா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். "அண்டா இறக்குதல். ஓடாத மிக்ஸி மூணு, ஒடிஞ்ச நாற்காலி ரெண்டு இறக்குதல். ஒட்டடை அடித்தல். பரணைத் துடைத்தல். யோகேஸ்வரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு."

"அநியாயம்! பந்தி போட்டுடுவானுங்க!" அவர் கை மார்பு பெல்ட்டின் பூட்டுக்குப் போனது.

ஜெய்புன்னிசா போனைத் தூக்கிப் பிடித்தாள். "அண்ணே, வீடியோ ஓடுது. அவுக்கப் போறீங்களா?"

"அவுத்தா, இவரு சைட்டுல வேலை செய்யற ஜெரோமுக்கு அனுப்பிடு அக்கா," என்றாள் யோகேஸ்வரி. "போன வாரம்தான் இதுக்காக அவன மூணு நாள் வெளிய நிக்க வெச்சாரு. ரொம்ப சந்தோஷப்படுவான்."

சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல அவர் கை திரும்பியது. ஒட்டடை புதுச் சட்டையில் கொட்டியது. சட்டைப்பையில் போன் அலறியது.

"மச்சான், எங்க கீற?" என்றான் ராஜேந்திரன்.

"ஒசரத்துல கீறேன்டா!"

கீழே யோகேஸ்வரி பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"விருந்துக்குத்தான். நம்ம வூட்ல ஒருத்தராவது போவலைன்னா ராஜேந்திரன் அண்ணன் மனசு நோவாதா?"

"என் கையெழுத்து?"

"பொறுமையா தொடைங்க. சாயங்காலம் வந்து பார்த்துட்டுப் போடறேன்."

ஜெய்புன்னிசா ஏணியடியில் உட்கார்ந்து பாவாடைக்கு ஓரம் அடித்தாள். மத்தியானம் தயிர்சாதத்தை மேலே ஏற்றினாள். பாவம், ஊறுகாயும் வைத்தாளாம்.

நாலரைக்கு வந்த யோகேஸ்வரி பரணை விரலால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். இறங்கி வந்தவர் தரையில் கால் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி:

"எனக்கு வஞ்சிரம் எடுத்தாந்தியா?"

"எடுத்தாந்தேனே. கீழ நின்னு காவல் காத்தவங்களுக்குக் குடுத்துட்டேன்."

சரி, சிரித்தது போதும் கண்ணு. விளக்கு வைக்கிற நேரமாச்சு, எண்ணெய் மேல் பலகையில் இருக்கிறது. இந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்.