கால் டாலரும் சீர்க்காரியின் வலது கையும்

நான் பிடிவாதக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. இருந்த வெட்கமெல்லாம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், ஒரே காலையில் தீர்ந்துபோய்விட்டது.

எனக்கு அமெரிக்கக் காசு சேர்க்கும் பைத்தியம் உண்டு. ராஜா காலத்துக் காசு என்றாலாவது நாலு பேர் மதிப்பார்கள். நான் தேடுவதோ நேற்று அடித்த காசு. அங்கே குவாட்டர் என்று ஒன்று உண்டு (நம்ம ஊர்க் குவாட்டர் இல்லைங்க, கால் டாலர் காசு). கொஞ்ச வருஷத்துக்கு முன்னால், அதில் வாஷிங்டன் தலைக்குப் பின்புறம், குடுமிக்குப் பக்கத்தில் கடுகளவுக்கு 'டபிள்யூ' என்று எழுத்துப் போட்டுக் கொஞ்சமாக அடித்து, நாடு முழுக்கச் சில்லறையோடு சில்லறையாகக் கலந்துவிட்டார்கள். கண் இருக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். முதல் வருஷத்தில் ஐந்து டிசைன். நான்கு என் ஆல்பத்துக்கு வந்துவிட்டன. ஐந்தாவது மட்டும் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது.

ஆன்லைனில் வாங்கித் தொலைக்கலாமே என்பார் என் வீட்டுக்காரர். விலைக்கு வாங்க நான் எதற்கு? சில்லறையில்தான் சிக்க வேண்டும், அதுதான் என் சட்டம். கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கச் சில்லறையில் எப்படித் தேடுவாய் என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் கடவுள் எனக்குக் கார்த்தி என்று ஒரு தம்பியைக் கொடுத்து, அவனுக்கு டெக்சாஸில் ஒரு வேலையையும் கொடுத்திருந்தார்.

துணி துவைக்கும் மெஷினில் போடுவதற்காக அவன் ஒரு ஜாடி நிறையக் குவாட்டர் வைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமையானால் வீடியோவில் கூப்பிட்டு ஜாடியைக் கவிழ்க்கச் சொல்லி, ஒவ்வொரு காசாகக் காட்டச் சொல்வேன். கூடவே வகுப்பும் எடுப்பேன் (நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், யார் மாட்டினாலும் வகுப்புதான்). காசின் முகத்தில் விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், துடைக்கக்கூடாது, கழுவக்கூடாது, கிடைத்த அந்த நிமிஷமே கவருக்குள் போட வேண்டும். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே தலையாட்டுவான்.

அவன் கல்யாணத்துக்குப் புறப்படும் வாரம் அவனே கூப்பிட்டான். "அக்கா, அஞ்சாவது சிக்கிருச்சு. ஊருக்கு வந்து தாரேன்" என்றான். வந்தான். கேட்டேன். கல்யாணம் முடியட்டும் என்று சிரித்தான். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தில் எனக்கு ஒரு பெரிய பொறுப்பு இருந்தது. எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் நடக்க வேண்டும். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ, பேழைமூடி என்கிற மூங்கில் கூடையில் கூறைச்சேலையை வைத்து ஏந்திக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பாள். அவள்தான் சீர்க்காரி. அவள் இல்லாமல் மேற்கொண்டு ஒன்றும் நகராது. கார்த்திக்கு இருப்பது நான் ஒரே ஒரு அக்கா. இரண்டு பக்கமும் லீவு கிடைக்காததால், முதல் நாள் வைக்க வேண்டிய சீரையும் முகூர்த்தத்தன்று காலையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

காலையில் மாப்பிள்ளை மண்டபத்து வாசலில் வந்து இறங்கினான். ஆரத்தி எடுத்தது நான்தான். சுற்றி முடித்ததும், வழக்கமாக ரூபாய் நோட்டுப் போடுகிற இடத்தில், என் தம்பி என்னைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்புச் சிரித்துவிட்டுத் தட்டில் ஒரு காசைப் போட்டான். பளபளவென்று வாஷிங்டன்.

அடப்பாவி, மஞ்சள், சுண்ணாம்புத் தண்ணீருக்குள்ளேயா போடுவாய்? இத்தனை ஞாயிற்றுக்கிழமை கத்தினேனே! அவன் பாட்டுக்கு உள்ளே போய்விட்டான். சாதாரணப் பொம்பளையாக இருந்தால் இரண்டு விரலை விட்டுக் காசை எடுத்திருப்பாள். நான் நிபுணி ஆயிற்றே. முகத்தில் விரல் படக்கூடாதே. தட்டைப் பக்கத்தில் நின்ற சித்தியிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, மெல்லிசுத் துணி எடுக்கக் கைப்பையைத் துழாவினேன்.

சித்திக்கு இந்த நாகரிகமெல்லாம் தெரியாது. திருஷ்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று வாசலுக்குப் போய் ஒரே வீச்சாக வீசி ஊற்றிவிட்டார். காசு எகிறி, உருண்டு, கேட்டுக்குக் கீழே சாக்கடை மேல் போட்டிருந்த இரும்புக் கம்பி மூடிக்குள் விழுந்தது.

எட்டிப் பார்த்தேன். ஒரு முழ ஆழத்தில், ஈரமண்ணில், சிரித்துக்கொண்டு கிடந்தது. இதற்கு மேல் யோசிக்கிற ஆள் நானில்லை. பட்டுச்சேலையோடு மண்டியிட்டு, கம்பிகளுக்கு நடுவே வலது கையை விட்டேன். விரித்த கை வழுக்கிக்கொண்டு போனது. காசைப் பிடித்தேன். மூடிய கை வெளியே வரவில்லை.

காசை விட்டால் கை வந்துவிடும். அது எனக்கும் தெரியும், நான் பி.எட். படித்தவள். ஆனால் விட்டால் அது சரிந்து உள்ளே ஓடும் தண்ணீரில் போய்விடும். நான் விடுவதாக இல்லை.

உள்ளே இருந்து ஆள் வந்தது. சீர்க்காரியைக் கூப்பிடுகிறார்கள். வளையல் மாட்டிக்கொண்டது என்று ஒரு பொய் சொன்னேன். அவ்வளவுதான், மண்டபமே வாசலுக்கு வந்துவிட்டது. கோயமுத்தூர்க்காரர்கள் கல்யாணத்துக்கு வந்தாலும் காரில் ஸ்பேனர் இருக்கும். மோட்டார் பம்ப் கம்பெனி வைத்திருக்கும் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைமை ஏற்றார். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் போதுமா, மெஷின் வைத்துக் கம்பியையே அறுத்துவிடலாமா என்று பட்டறை முதலாளிகளுக்குள் பட்டிமன்றம் நடந்தது. சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் வந்தது. என் கைமேல் அரை லிட்டர் ஊற்றினார்கள். வரவில்லை. வருமா, நான்தான் முழுமூச்சாக மூடி வைத்திருக்கிறேனே.

கடைசியில் அருமைக்காரரே வந்துவிட்டார். எங்கள் கல்யாணங்களில் சடங்கை நடத்தி வைக்கிற பெரியவர், அதிர்ந்து பேசமாட்டார். என் பக்கத்தில் குனிந்து, "அம்மிணி, நல்ல நேரம் இன்னும் கால்மணிதான் இருக்குதுங்க. தம்பி மணவறைல தனியா உக்காந்திருக்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் தூக்கி வைத்துக்கொண்டது நான். அவன் கல்யாண மேடையில் அக்காவுக்காகக் காத்திருக்கிறான், அக்கா சாக்கடையில் கால் டாலரைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அழுகை வந்துவிட்டது. கூட்டமெல்லாம் வளையலுக்காக அழுகிறேன் என்று உச்சுக்கொட்டியது. அழுதேனே தவிர, கையைத் திறக்கவில்லை (இதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை).

என் வீட்டுக்காரர் மட்டும் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். காதருகே வந்து, "காசா?" என்றார். தலையாட்டினேன். விறுவிறுவென்று மணவறைக்குப் போனவர், இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கைய விட்டுரு அம்மிணி. நீ புடிச்சிருக்கறது சும்மாச் சில்லறையாமா. நீ கேட்டது, நீ சொன்ன மாதிரியே கவருக்குள்ள போட்டு, உம்பட தம்பி பொட்டில பத்திரமா வெச்சிருக்கறானாமா."

கையைத் திறந்தேன். எண்ணெயில் குளித்த கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வளையல் ஆறும் அப்படியே இருந்தன. சித்தி அவற்றை எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்ன காசு என்று யாரோ கேட்டார்கள், யாரோ விளக்கினார்கள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே ஓடினேன்.

சேறும் எண்ணெயும் ஆரத்திச் சிவப்புமாகப் பேழைமூடியை ஏந்தி நின்றேன். சீர் முடிந்தது. தாலியும் நேரத்துக்கு ஏறியது. அட்சதை போட்டு முடிக்கிற சமயத்தில் பெரியப்பா வியர்த்து வழிய மேடை ஏறினார். ஆரம்பித்த வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத மனிதர், போல்ட்டைக் கழற்றி, மூடியைத் தூக்கி, தண்ணீருக்குள் கைவிட்டுத் தேடி எடுத்திருந்தார். அதோடு நிற்காமல், சமையல்கட்டில் புளி வாங்கிப் பளிச்சென்று தேய்த்தும் கொண்டுவந்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு அவர் காலில் விழுந்தேன்.

ஐந்தாவது குவாட்டர் இப்போது ஆல்பத்தில் இருக்கிறது. அதைக் காட்டு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது புளி போட்டுத் தேய்த்ததைத்தான்.

போன மாதம் காரமடையில் கார்த்தி மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். அதே அருமைக்காரரும் வந்திருந்தார். எல்லாம் தயார், ஆரம்பிக்கலாம் என்றார்கள். அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏனுங்க, அத்தைக்காரிக்குக் கை ரெண்டும் வெளியதான இருக்குதுங்க?" என்றார்.

நான் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். அதற்கப்புறம்தான் குழந்தைக்குக் காது குத்தினார்கள்.